பொத்தலுக்குக் காவல்

ஷரீபா பீவி தலையிலிருந்த கூடையை இறக்குவதற்குள் மாடக்கண்ணு குறுக்கே போய் நின்றுவிட்டான்.

"வேண்டாம் தாயி. உள்ள கொட்டிராதீங்க."

கூடையில் உடைந்த ஓடும் செங்கல் துண்டுகளும் இருந்தன. குளத்துக் கரைக்குக் கீழே தறிக்காரர் தெருவில் முதல் வீடு அவளுடையது. வீட்டுச் சுவரை எடுத்துக் கட்டியதில் மிஞ்சிய கழிவு. எங்கேயோ கொட்டுவதைக் கரையில் இருக்கிற பொத்தலில் கொட்டினால் ஊருக்கு ஆகட்டுமே என்று சுமந்து வந்திருந்தாள்.

"ஏன், பொத்தலுக்கு வயிறு நெறஞ்சிருச்சோ?"

"ஊருக் கட்டுப்பாடு தாயி. சர்க்காரு ஓவர்சியரு வந்து அளக்கவரைக்கும் இதுல ஒரு பிடி மண்ணு விழக்கூடாதுன்னு பிள்ளைவாள் சொல்லியிருக்காவ."

"அப்போ நீ இங்கன நிக்கது எதுக்கு?"

"காவலுக்கு."

ஷரீபா பீவி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தோப்புக்குக் காவல் இருக்கவனைப் பாத்திருக்கேன், களத்துக்குக் காவல் இருக்கவனைப் பாத்திருக்கேன். ஓட்டைக்குக் காவல் இருக்கவனை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையோடு திரும்பி நடந்தாள்.

மாடக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம், புரட்டாசி மாதம். திருநெல்வேலி டவுணுக்குக் கிழக்கே ஐந்து மைலில் கீழப்புங்கனேரி. தாமிரபரணிக் கால்வாயிலிருந்து தண்ணீர் வாங்கும் பெரிய குளம் அந்த ஊருக்கு உண்டு. மாடக்கண்ணு அந்தக் குளத்தின் நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பான், அடைப்பான், வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவான், கரையில் நண்டு வளை கண்டால் களிமண் வைத்து இடிப்பான். இந்த வேலைக்காக ஊர் விட்டிருந்த மானியம் கரைக்குக் கீழே ஆறு மரக்கால் விதைப்பாடு. அரை ஏக்கருக்குச் சற்றுக் கூடக் குறைய இருக்கும். அதில் பிசானப் போகத்தில் விளைகிற நெல்தான் வருஷம் முழுக்க அவன் வீட்டில் உலை வைக்கும். கரையின் உட்பக்கத்தில் பொத்தல் விழுந்திருந்த இடம் அந்த நிலத்துக்கு நேர் மேலே.

ஆறு ஆளும் ஒரு வண்டிக் களிமண்ணும் இருந்தால் ஒரு பகலில் முடிகிற வேலை அது. முன்பெல்லாம் ஆனி மாதத்தில் குடிமராமத்து என்று ஊர் திரளும். நிலத்துக்குத் தக்கபடி ஆள் அனுப்பிக் கரையை உயர்த்துவார்கள். பிறகு பெரிய நிலக்காரர்கள் டவுணில் குடியேறினார்கள். அவர்கள் அனுப்பாதபோது நான் மட்டும் ஏன் அனுப்ப வேண்டும் என்று அடுத்தவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் வழக்கம் நின்றுபோனது.

பொத்தலைப் பற்றிப் பேச ஆடியில் கூடிய ஊர்க்கூட்டத்தில்தான் தில்லைநாயகம் பிள்ளை எழுந்தார். ஊரில் சட்டம் தெரிந்தவர், மனு எழுதுவதில் கெட்டிக்காரர்.

"சர்க்காரு நம்மகிட்டத் தீர்வை வாங்குதா இல்லியா?"

"வாங்குது" என்றது கூட்டம்.

"அப்போ கரையை யாரு பாக்கணும்?"

நூல் வியாபாரி நூர்முகம்மதுவுக்கும் அந்தக் குளத்தின் கீழ் நிலம் இருந்தது. "மனு போடும் வே, வேண்டாங்கலை. அதுவரைக்கும் நாம ஒரு வண்டி மண்ணு அடிச்சு வைப்போமே" என்றார்.

"போன வருஷம் பக்கத்து ஊர்க்காரன் அதைத்தான் செஞ்சான். ஓவர்சியரு வந்து பாத்தாரு. அதான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வண்டியில ஏறிப் போயிட்டாரு. ஒரு சல்லி வரலை. நூர்முகம்மது, புண்ணை ஆத்திட்டு வைத்தியனைக் கூப்பிடுவீரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நூர்முகம்மதுவும் சிரித்தார். அந்த நியாயம் ஊருக்கு ஒரே நாளில் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன்படி நடந்தால் யாரும் மடியை அவிழ்க்க வேண்டியதில்லை.

ஐப்பசி பிறந்தது. நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்தது. குளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மழைக்கும் பொத்தலின் வாயிலிருந்து மண் உதிர்ந்தது. மாடக்கண்ணு பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"சாமி, ஆடு நுழைஞ்ச இடத்துல இப்போ ஆளு நுழையலாம்."

"நல்லதுதானே லே. பொத்தல் பெருத்தா எஸ்டிமேட்டும் பெருக்கும்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாடக்கண்ணுவும் சிரித்து வைத்தான். பெரியவர்கள் சிரிக்கும்போது சும்மா நிற்க முடியுமா?

"வார புதன்கிழமை ஓவர்சியரு வாராரு. போ" என்றார் பிள்ளை.

புதன்கிழமை அவர் வரவில்லை. திங்கட்கிழமை என்றார்கள். திங்கட்கிழமை வேறெங்கோ பாலம் பார்க்கப் போய்விட்டதாகத் தகவல் வந்தது. அதற்கு அடுத்த நாள் பிள்ளை டவுணுக்குப் போயிருந்தார். மாடக்கண்ணு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மனைவி பேராச்சியைக் கூப்பிட்டான்.

இருவருமாகப் பதினோரு கூடைக் களிமண் சுமந்தார்கள். வைக்கோலோடு பிசைந்து உள்ளே திணித்து, உலக்கையால் இடித்து, பொத்தலைப் பாதிக்கு மேல் அடைத்துவிட்டார்கள். பன்னிரண்டாவது கூடைக்குக் குனியும்போது கரைமேல் குடை தெரிந்தது.

பிள்ளை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மாடக்கண்ணுவுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

"லே, தாலுகா கச்சேரியில இருந்துதான் வாரேன். நான் மனுவுல எழுதின அளவை வச்சே முப்பத்தெட்டு ரூபா பாஸாகியிருக்கு. ஓவர்சியரு வந்து அளவைச் சரிபாத்தா வேலை தொடங்கலாம். கல்லு வச்சே கட்டிரலாம். நீ இப்படிப் பண்ணிட்டா அம்புட்டும் போச்சு."

"தண்ணி இன்னும் மூணு முழந்தான் கீழ நிக்கி சாமி. ரெண்டு மழை சேந்தாப்ல பெஞ்சா..."

"போட்டது நீதானே? நீயே எடுத்துரு. மானியம் வேணுமா, வேண்டாமா?"

மாடக்கண்ணு பேராச்சியைப் பார்த்தான். அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"போடும்போது வந்தேன். எடுக்கதுக்கு நான் வரலை."

தனியாகத்தான் எடுத்தான். ஈரக் களிமண்ணோடு கரையின் பழைய மண்ணும் பாளம் பாளமாகச் சேர்ந்து வந்தது. பொழுது சாய்வதற்குள், காலையில் இருந்ததைவிடப் பொத்தல் பெரிதாகிவிட்டது. பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையசைத்தார். அவருக்கு அது அளவு. மாடக்கண்ணுவுக்கு அது தன் பயிரின் தலைமாட்டில் திறந்து கிடக்கிற கதவு.

கார்த்திகை முதல் வெள்ளிக்கிழமை. மலையில் மூன்று நாளாக மழை. காலையில் குளத்துத் தண்ணீர் பொத்தலின் வாயைத் தொட்டது. உச்சி நேரத்துக்குக் கரையின் வெளிப்பக்கம் விரல் தண்டிக்கு ஒரு கசிவு. கலங்கலாக வந்தது. தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கலாக வந்தால் கரை கரைகிறது என்று அர்த்தம். மாடக்கண்ணு முதலில் தறிக்காரர் தெருவுக்குள் ஓடி எல்லோரையும் மேட்டுக்குப் போகச் சொன்னான். பிறகு ஊருக்குள் ஓடினான்.

அன்றைக்கு ஊரே வந்தது. கூடை, சாக்கு, வைக்கோல், கட்டில், ஏணி, கையில் கிடைத்ததெல்லாம் வந்தது. தில்லைநாயகம் பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் தொழுவத்துக் கதவைக் கழற்றி முதுகில் சுமந்து வந்தார். ஓவர்சியர் வந்தாரா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆறு ஆள் வேலைக்கு முந்நூறு பேர் நின்றார்கள். போட்ட மண்ணைத் தண்ணீர் நிற்கவிடவில்லை. தொழுவத்துக் கதவை ஓலைச் சருகுபோல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனது. கரை மெல்ல உட்கார்ந்தது. எல்லோரும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்த்தார்கள். வேறென்ன செய்ய முடியும்?

உயிர்ச்சேதம் இல்லை. ஷரீபா பீவியின் புதுச் சுவர் விழுந்தது. தறிக்குழிகளெல்லாம் சேறு. மாடக்கண்ணுவின் ஆறு மரக்கால் நிலத்தில் முழங்கால் உயரத்துக்கு மணல் கிடந்தது. எந்த வரப்பு எங்கே இருந்தது என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை.

ஆறாவது நாள் ஓவர்சியர் வந்தார். கையில் அளவுச் சங்கிலி, உத்தரவுக் காகிதம். உடைப்பின் ஓரத்தில் நின்று காகிதத்தை வாசித்தார்.

"மூணடிக்கு ரெண்டடி, ஆழம் நாலு. அது எங்கே?"

பிள்ளைதான் உடைப்பைக் காட்டினார். "அதுக்குள்ளதான் இருந்துது."

"இது எழுபது அடி இருக்கும் போலிருக்கே. இந்தப் பணத்தை இதுக்குச் செலவழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. இந்த அளவுக்குப் புதுசா மனு போடுங்க. மேலே போய் வரணும்." எழுதிக்கொண்டே கேட்டார், "கரைக்குக் காவல் யாரு?"

மாடக்கண்ணு முன்னால் வந்தான்.

"நீ என்னதான் பார்த்துக்கிட்டிருந்தே?"

"பொத்தலைப் பாத்துக்கிட்டிருந்தேன் ஐயா. அதுல ஒரு பிடி மண்ணு விழாமப் பாத்துக்கிட்டேன். கரையைப் பாக்கச் சொல்லி யாரும் சொல்லலை."

குத்தலாக அவன் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். ஓவர்சியர் வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கப் போனார். சுற்றிலும் ஒரு முகத்திலும் சிரிப்பில்லாததைக் கண்டு நோட்டை மூடிக்கொண்டார்.

அவர் வண்டி போன பிறகும் யாரும் கலையவில்லை. பிள்ளை கரையிலிருந்து இறங்கி மாடக்கண்ணுவின் நிலத்துக்குப் போனார். கால் மணலில் புதைந்தது.

"இதுல இனி என்ன வரும் லே?"

"இந்த வருஷம் ஒண்ணும் வராது சாமி. மணலை அள்ளினா மண்ணு கிடைக்கும். நானும் அவளும் அள்ளுததுக்கு ஒரு வருஷம் ஆவும்."

"அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு?"

பேராச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளை கரைமேல் நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். குரல் பழைய குரலாக இல்லை.

"சர்க்காருகிட்டக் கேட்டது தப்பில்லை. தீர்வை கட்டுதவன் கேக்கத்தான் செய்யணும். கேட்டது வந்து சேருததுக்குள்ள நம்ம கையாலயும் ரெண்டு கூடை மண்ணு போட்டிருக்கணும். போட வந்தவனை நான் தடுத்தேன். மனு எழுத ஒரு கை போதும் வே, மத்தக் கை சும்மாத்தானே இருந்துது. குளம் சர்க்காரு குளமாவே இருக்கட்டும். வெள்ளம் வந்தது நம்ம வயலுக்கு."

அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. ஆடி மாதக் கூட்டத்தில் இதையே சொல்லியிருந்தாலும் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.