பத்தில் ஒரு பங்கு நீர்

கல்யாணராமன் காலமான பதின்மூன்றாம் நாள், சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, ஆர்.கே.புரம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் அவர் உட்காரும் நாற்காலியில் கோதைட் என்கிற இரும்புக் கனிமம் படிய ஆரம்பித்தது. முதலில் வெறும் மஞ்சள் தூசிதான். அவர் மனைவி ஜலஜா கனிமச் சோதனைக்கூடத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவள். துடைத்து எறியாமல், மெருகில்லாத பீங்கானில் தேய்த்துப் பார்த்தாள். பழுப்பு மஞ்சளில் கோடு விழுந்தது. சிவப்பாக விழுந்திருந்தால் வேறு கனிமம். இரும்புள்ள பாறை மழையிலும் காற்றிலும் கிடந்து நைந்தால் இது உண்டாகும். சதுப்பிலும் ஊற்றங்கரையிலும் படியும், யுகக்கணக்கில் ஆகும். கல்யாணராமனுக்கு எதிலும் அவசரம். தீபாவளிக்குள் தொந்தி உட்பட முழுசாக வந்து உட்கார்ந்துவிட்டார், மேலே கறுத்து வழவழவென்று. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, காபி குடித்து, குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஜலஜா அவர் போனபோதும் அழவில்லை, வந்தபோதும் அழவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது. ஒரே ஒரு பயம்தான் இருந்தது: அவர் பேரில் இருந்த குவார்ட்டர்ஸை மார்ச்சுக்குள் காலி செய்யவேண்டும். ஊர்க்கோடியில் இருக்கிற துவாரகாவில் மகள் சுபாஷிணி வீட்டுக்குப் போகும்போது இவரை யாரோ ஒரு புது ஆபீசரிடம் விட்டுவிட்டா போவது? சாமான் ஏற்றும் ஆட்கள் நாலு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். "நஹி உட்டேகா, ஆன்ட்டி", தூக்க முடியாது என்று கையை உதறினார்கள். ஆகவே சுத்தியலை எடுத்து, பாதத்திலிருந்து உடைத்தாள். உள்ளே நார்நாராக இருந்தது. அவருக்கு வலிக்குமோ என்று தோன்றவில்லை. தோன்றவில்லையே என்றுதான் வருத்தமாக இருந்தது. துண்டுகளைச் சாக்கில் கட்டி வைத்தாள். காலையில் பார்த்தால் சாக்கு காலி, மனிதர் பழையபடி நாற்காலியில்.

நீர் இருக்கும்வரை திரும்பி வந்துகொண்டுதான் இருப்பார் என்று அவளுக்குப் புரிந்தது. கோதைட்டின் எடையில் பத்தில் ஒரு பங்கு நீர். நன்றாகச் சுட்டால் அது போய், கனிமம் சிவந்துவிடும். பிப்ரவரி முழுக்க இரும்பு வாணலியில் கைப்பிடி கைப்பிடியாக வறுத்தாள். அவரிடமிருந்து கிளம்பிய ஆவி அடுப்படிச் சுவரெல்லாம் வழிந்தது. அவருடைய துண்டால் துடைத்துத் துடைத்துப் பிழிந்தாள். வாளி வாளியாக வந்தது, அவள் கணக்குக்கு மேலேயே வந்தது. கடைசி வாளியை ஊற்ற மனசில்லாமல் அதிலேயே முகம் கழுவிக்கொண்டாள். உப்புக் கரித்தது. சிவந்த பொடி பதினோரு டப்பா தேறியது. அது நாற்காலிக்குத் திரும்பிப் போகவில்லை.

துவாரகா வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜலஜா வாசலில் கோலம் போட்டு, அந்தப் பொடியைக் குழைத்துச் சுற்றிலும் காவி இட்டாள். சுபாஷிணிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னம்மா இது! வருஷாப்திகம் இன்னும் ஆகலை. துக்க வருஷத்துல காவி இடலாமோ?"

"காவி இல்லடி" என்றாள் ஜலஜா. "அப்பா."

சுபாஷிணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிப்பிடித்து, மிதிக்காமல் தாண்டி ஆபீசுக்குப் போனாள்.