நட்ட வயல்

குனிந்து நட்டுக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவுக்குக் கை மட்டும்தான் சேற்றில் இருந்தது; கண் வரப்பை விட்டு நகரவில்லை. மகன் நல்லதம்பி எந்த நேரத்திலும் வருவான். அரிவாளோடுதான் வருவான்.

முந்தாநாள் ஏரி மடைத் தகராறில் மேலத்தெருக்காரன் பாவாடை மண்வெட்டிக் காம்பால் அடித்து, அவள் புருஷனுக்குக் கால் முறிந்துபோனது. கீழப்பழுவூர் வரை மாட்டு வண்டி, அப்புறம் பஸ் என்று அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அன்றிலிருந்து இரண்டு தெருவுக்கும் பேச்சில்லை. பாவாடை வயலுக்குப் பறித்த நாற்று முடிமுடியாகக் கிடந்து வெந்தது. இன்றைக்கு நடாவிட்டால் குப்பைதான். வெட்டுக்குத்தாகிப் போலீசு, கோர்ட்டு என்று போனால் ஊரே அலையணும் என்று இரண்டு தெருப் பெண்களும் விடியற்காலையில் கூடிப் பேசினார்கள். நடவாட்களுக்கு முன்னத்தி அம்மாக்கண்ணு. அவள் இறங்காமல் ஒருத்தியும் இறங்கமாட்டாள். அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. நாற்றா என் புருஷனை அடித்தது என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாள்.

பாவாடை தலை நிமிராமல் அவள் முதுகுக்குப் பின்னால் நாற்று முடியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

உச்சி வேளையில் நல்லதம்பி எதிர்வரப்பில் வந்து நின்றான். அரிவாளை மறைக்கக்கூட இல்லை.

"எல்லாரும் நவுருங்க. அவன் மட்டும்தான் வேணும்."

யாரும் நிமிரவில்லை. நடவு பின்பக்கமாகவே நகரும் வேலை. அவனுக்கும் பாவாடைக்கும் நடுவே பச்சை அகலமாகிக்கொண்டே போனது. நட்ட வயலில் கால் வைக்க, சேற்றில் பிழைக்கிறவனுக்கு மனம் வராது. அதிலும் ஆத்தா நட்டது. சுற்றி வரலாமென்றால் பக்கவரப்புகளில் கிழவிகள் வெற்றிலைப் பையைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இன்னும் நாலடிதான் பாக்கி. அப்புறம் நட இடமில்லை. அம்மாக்கண்ணு குனிந்தபடியே குரல் கொடுத்தாள்.

"தம்பி, காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. கஞ்சிக் குண்டான் உன் பக்கந்தான் இருக்கு. கொண்டாந்து குடுத்துட்டு அப்பறம் என்னமோ செய்யி."

பத்துப் பேர் கஞ்சி. ஒரு கையால் ஆகாது. குண்டானையும் ஆத்தாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அரிவாளை வரப்பில் கொத்திவிட்டுக் குனிந்தான். பக்கவரப்பிலிருந்து எழுந்து வந்த கிழவி பொன்னாயி குண்டானைத் தலைக்கு ஏற்றிவிட்டாள். மற்றக் கிழவிகள் வழிவிட்டார்கள்.

வந்து நின்றான். சுமையை இறக்க இன்னொரு ஆள் வேண்டும். பெண்கள் எல்லாரும் தங்கள் சேற்றுக் கையையே பார்த்தபடி நின்றார்கள். அம்மாக்கண்ணுவும் அசையவில்லை. தெரிந்த சாமியையெல்லாம் மனசுக்குள் கூப்பிட்டாள்.

பாவாடை வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு வந்து குண்டானைப் பிடித்தான். கஞ்சி தளும்பியது.

"மெதுவா" என்றான் நல்லதம்பி.