சேலையில் ஒட்டிய தூள்

ஐஸ்வர்யா, முதலாளி நல்லசிவத்தின் அண்ணன் மகள். அது ஒன்றே போதும், அவள் சொன்ன எதையும் நம்ப வள்ளித்தாய்க்கு மனம் வரவில்லை.

விருதுநகரில் புதுவிதமான நுண்ணோக்கி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாளாம். சாயம் ஏற்றாமலே, உயிரோடிருக்கும் உயிரணுவுக்குள் தங்கிய உலோகத் தூளை அது ஒளியால் காட்டிவிடுமாம். சரிபார்த்துக்கொள்ள, எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வள்ளித்தாயைப் போல மருந்து கலக்கும் பெண்களின் சளி வேண்டுமாம். ஆளுக்கொரு டப்பா கொடுத்தாள்.

"முடிவைக் கம்பெனிக்குச் சொல்ல மாட்டேன்."

அவள் கார் ஏறிப் போனதும், பக்கத்தில் வேலை பார்க்கும் முருகம்மாள் சிரித்தாள். "சித்தப்பாகிட்ட சொல்லாம யாருகிட்டச் சொல்லுவாகளாம்? நெஞ்சுல தூள் இருக்குன்னு தெரிஞ்சா, சீக்காளின்னு வெளிய தள்ளிருவாக. பாத்துக்க."

வேலை போனால் மகள் வேல்விழியின் கல்லூரிப் படிப்பும் போகும். மகளைக் கம்பெனி வாசலைக்கூட மிதிக்க விடாமல் வளர்த்தவள் வள்ளித்தாய். மறுநாள் காலை, சளி பிடித்திருந்த அந்த மகளிடமே டப்பாவை நீட்டினாள்.

"எதுக்கும்மா?"

"கேள்வி கேக்காம துப்புடி."

அடுத்த வாரம் முடிவைப் பார்க்க விருதுநகர் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். என்ன சூது வைத்திருக்கிறாளோ என்றுதான் போனாள். இருட்டறையில் ஒரு திரை. சாம்பல் நிற வட்டங்களுக்குள் ஊசிமுனைப் புள்ளிகள் பளிச்சென்று மின்னின.

"இது உங்களோடது. மின்னுறது அலுமினியத் தூள்" என்றாள் ஐஸ்வர்யா.

வள்ளித்தாயின் கம்பெனிச் சேலையைச் சாயங்காலம் உதறித் துவைப்பது வேல்விழிதான். உதறும்போது வெயிலில் வெள்ளியாய்ப் பறக்கும். அழகாக இருக்கிறதென்றுகூட வள்ளித்தாய் நினைத்திருக்கிறாள்.

ஐஸ்வர்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா ரொம்பக் கம்மியா இருக்கு. மத்தவங்களுக்கு இதைவிடப் பல மடங்கு. லென்ஸ் மாத்தின அன்னைக்கு எடுத்த படம். எனக்கு மெஷின் மேலதான் சந்தேகம். இதைச் சேர்க்காம அழிச்சிடுறேன். நீங்க கிளம்புங்க."

கிளம்பலாம். வேலைக்கு ஆபத்து ஒன்றும் வராது.

வள்ளித்தாய் கதவு வரை போய் நின்றாள். ஏசி இரைந்துகொண்டிருந்தது. திரும்பித் திரையைப் பார்த்தாள். இந்தப் பெண்ணை அவள் இப்போதும் நம்பவில்லை.

"மெஷினு சரியாத்தான் காட்டுது" என்றாள். "அது எம் மகளோடது. ஒங்க சித்தப்பாகிட்ட என்னத்தையும் சொல்லிக்கிடுங்க. அவளுக்கு என்ன வைத்தியம்னு மட்டும் எங்கிட்டச் சொல்லுங்க தாயி."