கடைசி நாலு வரியும் வெங்காய ஆட்டோவும்

ஒரு பாட்டின் விலை நானூறு க்ரோனா. ஸ்வீடன் நாட்டுக் காசு. அந்தக் காலத்தில் அங்கே ஒரு ஜோடி பனிக்கால பூட்ஸும் அதே விலைதானாம். பூட்ஸையாவது காலில் மாட்டி நாலு அடி நடந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் அந்தப் பாட்டை எழுதி மெட்டமைத்தவரே. பெயர் ஸ்வாந்தே, வயது எழுபத்து மூன்று. மகள் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பெரிய இஞ்சினியர். அவளோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போக வந்தவர், ஒரு காலையில் மூச்சு வாங்க என் கடைக்குள் நுழைந்தார். பாகலூர் ரோட்டில் மைக்செட் வாடகைக் கடை என்னுடையது. காய்கறி ஆட்டோக்களுக்கு விளம்பரக் குரலும் பதிந்து கொடுப்பேன்.

"வெங்காய ஆட்டோவுக்கு அந்த மெட்டைப் போட்டது நீங்கள்தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எங்கள் அத்தா குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள் மத்தியில் வளர்ந்தவன் நான். எதிராளி வாயைத் திறக்குமுன்னே என்ன கேட்பான் என்று தெரியும். நஷ்ட ஈடு கேட்கப் போகிறார் என்று நினைத்து முந்திக்கொண்டேன்.

"பழைய கீபோர்டு சார். அதுக்குள்ளேயே இருந்துச்சு, முப்பத்தேழாம் நம்பர் மெட்டு. யார் பேரும் போடலை."

"காசு வேண்டாம். அந்த மெட்டு பாதியில் நிற்கிறது. தினமும் என் மகள் வீட்டு வாசலில் பாதியில் நிற்கிறது."

உட்காரவைத்து டீ சொன்னேன். கதை வந்தது. இருபத்திரண்டு வயதில், வடக்கே மரம் அறுக்கும் மில் உள்ள ஒரு ஊரிலிருந்து ஸ்டாக்ஹோமுக்குப் போய் விற்ற முதல் பாட்டாம். பனியில் ஒருவன் பஸ் நிறுத்தத்தில் தன் பெண்ணுக்காகக் காத்திருக்கிறான். கடைசி நாலு வரியில் பஸ் வருகிறது, அவள் இறங்குகிறாள். கம்பெனிக்காரன் அந்த நாலு வரியை வெட்டிவிட்டு, காத்திருக்கும்போதே சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முடித்துவிட்டான். காத்திருப்புதான் விற்கும் என்றானாம். நன்றாகத்தான் விற்றது. பல நாட்டு ரேடியோவில் ஓடி, கடைசியில் கீபோர்டு கம்பெனிக்கும் போனது.

"வேற ஆள்கிட்ட விலை கேட்டுப் பாத்தீங்களா?" என்றேன்.

"இல்லை."

"நானூறுன்னு மொதல்ல சொன்னது யாரு?"

"அவர்கள்தான்."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"நன்றி சொன்னேன்."

"நன்றியா! எங்க சந்தையில கிழட்டு எருமை விக்கிறவன்கூட மூணு தரம் கயித்தை அவுத்துக்கிட்டுக் கிளம்புவான் சார்!"

அவர் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் இருநூறு பாட்டுக்கு மேல் எழுதினாராம், பாடியவர்களின் முகம் உலகத்துக்கே தெரியும், இவர் முகம் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றுக்கும் பங்கு வந்தது, வீடு இருக்கிறது, குறையில்லை.

"அந்தப் பெண் நிஜத்தில் வந்தாள், பாஷா. நாற்பத்தாறு வருஷம் கூட இருந்தாள். போன வருஷம் இறந்துபோனாள். பாட்டில் மட்டும் இன்னும் வரவில்லை. அந்த நாலு வரியைச் சேர்க்கச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். உரிமை எங்களுடையது என்கிறார்கள்."

பெற்றவன் பிள்ளைக்குச் சட்டை மாட்டிவிட அடுத்தவனிடம் கைகட்டி நிற்பதா? "உங்க ஸ்டாக்ஹோம்காரன் பாகலூர் ரோட்டுக்கு வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்றேன்" என்று கீபோர்டை அவர் முன்னால் தள்ளினேன். முதலில் தயங்கினார். பிறகு வாசித்தார். பன்னிரண்டு செகண்டுதான். அதுவரை அலைந்த மெட்டு வீடு வந்து செருப்பைக் கழற்றியது.

ஆனால் வெங்காய ஆட்டோ பொற்கொடியுடையது. தர்மபுரிக்காரி. மில்லில் வேலை போனதும் கடன் வாங்கி வண்டி எடுத்தவள். வரவழைத்துப் போட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குது பாய். ஆனா பன்னெண்டு செகண்டு வெலை சொல்லாம வண்டி ஓடுனா எவ வெளிய வருவா? பின்னாலயே தக்காளிக்காரன் வரான். ஒரு நாளைக்கு நூறு ரூபான்னு குடுக்கச் சொல்லு தாத்தாவை, ஓட்டுறேன்."

"அவர் போட்ட மெட்டுக்கு அவரே வாடகை குடுக்கணுமா? உனக்கு நாக்கு கூசலையா?"

"அம்பது வருசமா கம்பெனிக்காரன் தின்னதுக்குப் போய்க் கேளு. நூறு ரூபா கேட்ட என்கிட்ட எகிறாத."

என்ன சொல்கிறாள் என்று ஸ்வாந்தே கேட்டார். சொன்னேன். உடனே பர்ஸை எடுத்துவிட்டார்.

"உள்ள வைங்க சார்! மறுபடியும் மொதல் விலைக்கேவா?"

அப்புறம் நானும் பொற்கொடியும் அரை மணி நேரம் மல்லுக்கு நின்றோம். காசு கிடையாது என்று முடிந்தது. சரக்கு தீரப்போகும் கடைசித் தெருவில் மட்டும் அந்த நாலு வரி ஓடும். அதன் வாலிலேயே அவள் குரல்: "கடைசிச் சரக்கு, கிலோ பதினஞ்சு."

சாயங்காலம் மூவரும் போனோம். கடைசியாகக் குவார்ட்டர்ஸ் தெருவில் வண்டி நின்றது. நாலு வரி ஓடியது. அவள் குரல் வந்ததும் கதவுகள் திறந்தன. நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "அக்கா, போயிடாத! இதோ எறங்கி வரேன்!"

"என்ன சொல்கிறாள்?"

"இறங்கி வராளாம் சார். போயிடாதீங்கன்றா."

அவர் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெங்காயம் உரிக்காமலே கண்ணில் தண்ணீர். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்தத் தெருவுக்கு அவரே நடந்து போனார் என்று பொற்கொடி சொன்னாள். அவர் மனம் ஆறியிருக்கலாம். எனக்கு ஆறவில்லை. அந்தப் பெண் பாட்டில் வந்து இறங்க, ஓசூரில் ஒரு வெங்காய வண்டி வரவேண்டியிருந்ததே!

அன்றைய கணக்கு இது. பதிவுக் கூலி முந்நூறு, நான் வாங்கவில்லை. பென் டிரைவ் இருநூற்றைம்பது, அவர் கொடுத்தார், பேரம் பேசாமல். மிஞ்சிய இரண்டு கிலோ வெங்காயம் முப்பது ரூபாய், பொற்கொடி அவரிடமே வசூலித்தாள், ஒரு ரூபாய் குறைக்காமல். ஸ்டாக்ஹோம் கம்பெனி பேரில் எவ்வளவு என்று எழுத எனக்குத் தொகை தெரியவில்லை. பாக்கி என்று மட்டும் போட்டிருக்கிறேன்.