நாலு மணி ஆவி

மாமனார் செத்து மூன்று மாதம் ஆகியும் டிவி அணைவது நிற்கவில்லை. தினமும் நாலு மணிக்கு, சீரியலில் யாரோ முக்கியமானதைச் சொல்ல வாயெடுக்கும் நேரம், பொட்டென்று அணையும். அரை மணி கழித்துத் தானே வரும். உயிரோடு இருந்தபோது மாமனார் செய்ததும் இதையேதான். லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், நாலு மணிக் காபி வர ஒரு நிமிடம் பிந்தினாலும் எழுந்துபோய் ஸ்விட்சைத் தட்டிவிட்டு வந்து உட்காருவார்.

"அப்பா அங்கேயே இருக்காராம். அவரைத் தனியா விட்டுட்டு அம்மாவால வர முடியாதாம்" என்றாள் மனைவி. அம்மாவைத் தன் வீட்டுக்கே அழைத்துவந்துவிட வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அது வயரிங் கோளாறுதான், போய்ச் சரிசெய்துவிட்டுக் கையோடு கூட்டிக்கொண்டு வா என்பது உத்தரவு.

மருமகனுக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. அவன் குளிர்பதனக் கிடங்கில் ராத்திரி வேலை பார்ப்பவன். பகலில் தூங்குவது வீட்டின் சின்ன அறையில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு. மாமியார் வந்தால் அந்த அறை அவருக்கு. பிறகு இவன் ஹாலில், பிரஷர் குக்கருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் தூங்க வேண்டும். இதை மனைவியிடம் சொல்லும் தைரியம் அவனுக்கு இல்லை. கிளம்பிவிட்டான்.

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தான். மாமியார் டிவி முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாமாவின் ஆன்மா எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும், அத்தை, நீங்கள் மகளோடு வந்து இருங்கள் என்று மனைவி சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான்.

"ஆன்மா போயிடுச்சு மாப்பிள்ளை, நான் இல்லன்னா சொன்னேன்?" என்றார் மாமியார். "அது சாதுவான சரக்கு. அதுக்குக் காபி வேண்டாம், சீரியல் மேல கோபம் இல்ல. கூப்பிட்டதும் போயிருக்கும். இங்க இருக்கறது ஆவி. உங்க மாமாவோட பிடிவாதம், முணுமுணுப்பு, அவசரம் எல்லாம் சேர்ந்தது. அதை எவன் கூப்பிடுவான்? மேல வச்சு யாரு சமாளிக்கிறது?"

"நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணது எதோட அத்தை?"

"ஆவியோடதான். ஆன்மாவை நான் பாத்ததே இல்ல."

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கீரைத் தட்டை நகர்த்திவிட்டு, பால் வைக்க உள்ளே போனார். சரியாக நாலு மணிக்குச் சீரியல் பாதியில் நின்றது. அவன் டிவி மேசையை முன்னால் இழுத்தான்.

பின்னால் ப்ளக்கில், உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி. முகத்தில் மணி குறித்த வட்டம். குறித்த நேரத்தில் கரண்டை அணைத்துப் போடும் டைமர். கடைசி மாதங்களில் எழுந்து நடக்க முடியாமல் போனபோது மாமனார் யாரையாவது விட்டு மாட்டியிருப்பார். படுத்த படுக்கையிலிருந்தே சீரியலைக் கொன்றிருக்கிறார், மனுஷன்.

பிடுங்கக் கை போனது. பிடுங்கினால் ஆவி காலி. ஆவி காலியானால் அறையும் காலி.

அப்போதுதான் வட்டத்தைக் கவனித்தான். இதே மாதிரி டைமர்கள் கிடங்கிலும் இருக்கின்றன. கரண்ட் போனால் வட்டமும் நின்றுவிடும். வந்ததும் கையால் திருப்பிச் சரியான மணிக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவனுக்கு அதுதான் வேலை. போன புதன்கிழமை ஊர் முழுக்க இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. ஆனால் வட்டம் சரியாக நாலைக் காட்டியது. மேசைக்குப் பின்னால் எல்லா இடத்திலும் தூசி அப்பியிருந்தது. வட்டம் மட்டும் தேய்த்துவைத்த பாத்திரம்போல் இருந்தது.

மேசையைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குத் தள்ளினான். முதலில் நினைவுக்கு வந்தது தன் அறைதான். மாமியாரைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகு வந்தது.

காபி வந்தது. அணைந்திருந்த டிவியைப் பார்த்துவிட்டு, "வந்தாச்சா? திருப்தியா?" என்று சுவரிடம் ஒரு சத்தம் போட்டுவிட்டு மாமியார் உட்கார்ந்தார். இவன் ஒரு வாய் குடித்தான்.

"புதன்கிழமை கரண்ட் போச்சே அத்தை. அன்னைக்கு ஆவி என்ன பண்ணுச்சு?"

மாமியார் நகர்ந்திருந்த மேசைக் காலைப் பார்த்தார். தரையில் அது கிடந்த இடத்தில் வெளுத்த அடையாளம் அரை விரல் தெரிந்தது. பிறகு அவனைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"கொஞ்சம் தடுமாறும். எடுத்துச் சொன்னா கேட்டுக்கும்" என்றார். "சக்கரை போதுமா மாப்பிள்ளை?"

போதும் என்றான். போன் அடித்தது. மனைவி. என்ன ஆச்சு, வயரிங்கா என்று கேட்டாள். அவன் மேசைக் காலைத் தன் காலால் மெல்லத் தள்ளி, வெளுத்த இடத்தை மறைத்தான்.

"வயரிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்கப்பாதான்" என்றான். "நான் பேசிப் பாத்தேன். கிளம்ப மாட்டேங்கறார்."