துரையின் படகுக்குப் பாரம்

தேயிலைத் தொழிற்சாலையின் டீசல் எஞ்சினை இருபது வருஷமாக ஓட்டிவந்த கந்தப்பனுக்கு, எஞ்சினைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. அவனும் அதை மறுத்ததில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில், தோட்டத்தை நடத்திவந்த வெள்ளைக்காரத் துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் புறப்பட்டபோது, நுவரெலியா ஏரிக்கரைக் கொட்டிலில் கிடந்த தன் உல்லாசப் படகை அவனிடம் ஒப்படைத்தார்.

"எஞ்சின் புதுசு, கந்தப்பன். பழுது வரக் கூடாது. நீதான் பொறுப்பு."

கந்தப்பன் யோசித்தான். தொழிற்சாலை எஞ்சின் இராப்பகலாக ஓடியே இருபது வருஷம் தாங்கிவிட்டது. ஓட்டாமலே வைத்தால் இது நூறு வருஷம் தாங்காதா? தார்ப்பாயால் இழுத்துப் போர்த்தினான். ஆயுதபூசைக்குச் சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழ மாலையும் போட்டான். ஓட்ட மட்டும் இல்லை.

பதினோரு வருஷமாக அந்தப் படகுக் கொட்டிலைக் காவல் காக்கும் மூக்கன், வாராவாரம் சொல்லிப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்ச நேரம் ஓட்டி வைங்க. தண்ணியோரம் சும்மா கெடந்தா துரு ஏறிப்போகும்."

"எஞ்சினப் பத்தி எனக்கே சொல்லிக் குடுக்குறீங்களா அண்ணே?"

அவனுடைய தொழிற்சாலை எஞ்சின் ஆயுதபூசைக்கு ஒரு நாள் நிற்கும். மற்றபடி நின்றதே இல்லை. சும்மா கிடக்கும் எஞ்சினுக்கு என்ன ஆகும் என்பதை அவன் எங்கே கண்டான், பாவம்!

துரை திரும்பி வந்து பார்த்தால், பிஸ்டன் இறுகிப்போய் எஞ்சின் அசைய மறுத்தது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"முந்நூறு மணி நேரம்கூட ஓடாத எஞ்சின்! யாரோ களவா ஓட்டிக் கெடுத்திருக்கான். மூக்கன்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கந்தப்பனுக்கு வேலை தப்பும், குடியிருக்கும் லயத்துக் காம்பரா தப்பும், மனைவி வேலாயி மூட்டையோடு ரோட்டில் நிற்க வேண்டியிராது. மூக்கன் கையைக் கட்டித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லீங்க தொரை. அவரு ஓட்டத்தான் சொன்னாருங்க. நான்தான் கேக்கல. ஒரு நாள்கூட ஓட்டாம நானே கெடுத்துட்டேன்."

துரை எஞ்சினைத் திரும்பிப் பார்த்தார். காய்ந்த எலுமிச்சம்பழ மாலை இன்னும் அதில் தொங்கியது.

"ஓட வச்சிட்டு வேலைக்கு வா. இல்லாட்டி வராதே."

ஒன்பது நாள் சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தான், தட்டினான், தேய்த்தான். வேலாயி சோறு கொண்டுவந்து வைத்தாள். பத்தாம் நாள் காலையில் பிஸ்டன் நகர்ந்தது. மதியம் எஞ்சின் கரும்புகை கக்கி, இருமி, ஓடத் தொடங்கியது. கந்தப்பன் அழுதேவிட்டான். கரையில் நின்ற மூக்கனைக் கூப்பிட்டான்.

"வாங்கண்ணே, ஏறுங்க."

"ஐயோ, தொரை படகு! நான் கரையிலேயே நிக்கிறேன்."

பதினோரு வருஷம் காவல் காத்த படகில் அந்த மனிதர் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. கந்தப்பனுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"வெறும் படகா ஓட்டுனா எஞ்சினுக்கு ஆகாதுண்ணே. பாரம் வேணும்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். சரியா இல்லியான்னு நீங்க சொல்லுங்க."

மூக்கன் கால் சேற்றை ஏரித் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொண்டு, படகில் ஏறி உட்கார்ந்தார்.