கேட்காமல் விட்டது

அரசின் பொறியியல் ஆராய்ச்சி நிதி அலுவலகத்தில் அவளுக்குத் திட்ட இயக்குநர் வேலை கிடைத்த அன்று வீட்டில் கலாட்டா செய்தது மகள்தான்.

"இனிமே புரொஃபசருங்க எல்லாம் அம்மாவைப் பாத்தா எழுந்து நிப்பாங்க. அப்பா மட்டும்தான் சோபாவுல சாஞ்சுக்கிட்டு டிவி பாப்பாரு."

அப்பாவும் சிரித்தார். அவரும் ஒரு பேராசிரியர்தான். பூமிக்கடியில் போகும் தண்ணீர்க் குழாய் எங்கே கசிகிறது என்பதைத் தெருவைத் தோண்டாமல், சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது அவருடைய ஆராய்ச்சி. இரும்புக் குழாய் என்றால் அவ்வளவு சிரமமில்லை, கசிவின் சத்தம் குழாய் வழியாகவே தூரம் போகும். பிளாஸ்டிக் குழாய் அப்படியில்லை, வந்த சத்தத்தை எல்லாம் விழுங்கி ஏப்பம் விட்டுவிடும். அதைப் பேச வைக்கத்தான் அவர் பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில் ஒரு பெரிய மணல் தொட்டி கட்டி, அதற்குள் குழாயைப் புதைத்து, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். மகள் அவருக்கு வைத்த பெயர் டாக்டர் குழாய்.

அவளுக்குக் கிடைத்த பிரிவு, நிலத்தடிக் கட்டமைப்பு. வருகிற விண்ணப்பங்களுக்குத் தகுந்த மதிப்பீட்டாளர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவர்களை ஓர் அறையில் உட்கார வைத்து வாதாட விட வேண்டும், கடைசியில் எதற்கு நிதி தரலாம் என்று பரிந்துரைக்க வேண்டும். குழு கருத்து சொல்லும், முடிவு எழுதுவது அவள். கணவரின் ஆராய்ச்சிக்குப் பணம் வரக்கூடிய ஒரே வாசலும் அந்தப் பிரிவுதான்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம், பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் கேட்டார்.

"என் புரொபோசல் தயாரா இருக்கு. இந்த மாதிரி சமயத்துல என்ன பண்ணுவாங்கன்னு உங்க ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறியா?"

"வேண்டாங்க. நான் அந்த நாற்காலியில இருக்கறப்போ உங்க பேரு அங்க வரவே கூடாது. நாக்குமேல பல்லைப் போட்டுப் பேசுவாங்க. ரெண்டு வருஷம்தானே? முடிச்சுட்டு என் பழைய காலேஜ் வேலைக்கே திரும்பி வந்துடுவேன்."

"சரி," என்றார். கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

ரெண்டு வருஷம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிட்டது. வேலை அவளுக்குக் கைவந்துவிட்டது. நிராகரிக்கப்பட்டவர்கள் கோபமாகப் போன் செய்தால்கூடத் தட்டிக் கழிக்காமல், எந்தப் பக்கத்தில் எது பலவீனம் என்று பொறுமையாகச் சொல்வாள். அவர்களில் சிலர் அடுத்த வருஷம் திருத்திப் போட்டு வாங்கியும் விட்டார்கள். மேலிடத்தில் இன்னும் கொஞ்ச காலம் இருக்கச் சொன்னார்கள். அவள் கணவரிடம் கேட்டாள்.

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப இரு."

அந்த இரண்டு வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வந்தது. கணவரைக் கேட்பதுகூட நின்றுபோனது.

கணவருடைய ஆராய்ச்சி மாணவர் படிப்பை முடித்துக்கொண்டு போனார். புதிதாக ஒருவரைச் சேர்க்கக் கையில் பணமில்லை. அடித்தளத்தில் இடம் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. மணலை அள்ளி லாரியில் ஏற்றிப் போனார்கள். அவர் முதலாண்டு மாணவர்களுக்கு இயக்கவியல் பாடம் எடுக்க ஆரம்பித்தார். இதையெல்லாம் அவள் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தாள். கவனித்ததை ஓர் ஓரமாகத் தள்ளி வைத்தாள். அவர் ஒரு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை என்பது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

பிறகு அந்த விண்ணப்பம் வந்தது. தலைமை ஆராய்ச்சியாளர் ஓர் இளம்பெண், இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவள். பிளாஸ்டிக் குழாயின் கசிவைச் சுற்றியுள்ள மண் வழியாகக் கேட்பது என்பதுதான் விஷயம். இவள் அதை இரண்டு தடவை படித்தாள். எழுத்து வேறு, கணக்கு வேறு. ஆனால் யோசனை தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கணவர் வாயால் வருஷக்கணக்காகக் கேட்டதுதான்.

மதிப்பீட்டுக் குழு கூடியது. வழக்கமாக ஆளுக்கொரு பக்கம் இழுப்பவர்கள் அன்று ஒரே குரலில் பாராட்டினார்கள்.

"இவ்வளவு நல்ல விஷயத்தை இத்தனை நாளா ஏன் யாருமே கையில எடுக்கல?" என்று கேட்டார் குழுவில் மூத்தவர், நரைத்த தாடிக்காரர்.

எதிரில் உட்கார்ந்திருந்த குழாய் நிறுவனப் பொறியாளர் பதில் சொன்னார். "ஒருத்தர் எடுத்தாருங்க. ஆரம்பம் பிரமாதமா இருந்துச்சு. அப்புறம் ஆளையே காணோம். பாதியில விட்டுட்டாரு போல."

"சில பேருக்கு ஆரம்ப சூரத்தனம்தான்," என்றார் தாடிக்காரர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அந்த ஒருத்தர் யாருடைய கணவர் என்று அறையில் யாருக்கும் தெரியாது. கூட்டத்தை நடத்துபவள் வாயைத் திறக்கக் கூடாது. அவள் குனிந்து எழுதுவதுபோல் பாவனை செய்தாள்.

மனம் ஆறாமல், கூட்டம் முடிந்ததும் விதிமுறைகளைப் பார்க்கும் சட்ட அதிகாரியின் அறைக்குப் போனாள். விஷயத்தைச் சொல்லி, இதில் தான் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் இந்தத் தடவை விண்ணப்பம் போட்டிருக்காரா?"

"இல்ல."

"இந்தப் பொண்ணோட சேந்து வேலை செஞ்சிருக்காரா?"

"பாத்ததே இல்ல."

"அப்பத் தாராளமாப் போடுங்க மேடம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஊர்க்கதை பேசுவதுபோல் சொன்னார். "அவரே போட்டிருந்தாலும் ஒண்ணும் குடிமுழுகிப் போயிருக்காது. ஃபைலை வேற பிரிவுக்கு மாத்தி விட்டிருப்போம். பேசறப்போ நீங்க அந்த ரூம்ல இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மேல்மாடியில வேலை பாக்கற ஒருத்தரோட தம்பிக்கு அப்படித்தானே செஞ்சோம்."

"இந்த விதி எப்போ வந்தது?"

"எப்பவும் இருக்கறதுதானே?"

அவள் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். விதிப்புத்தகத்தை அவளும் படித்திருந்தாள். இந்தப் பக்கத்துக்கு மட்டும் வரவே இல்லை. வரத் தோன்றவில்லை. தன்னை நேர்மையானவள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கணவரின் ஆராய்ச்சியையே விலையாகக் கொடுத்திருக்கிறோம் என்று புரிந்தது. சட்ட அதிகாரியின் அறைக்குப் போய் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் போதும். விண்ணப்பத்துக்கு நிதி தரலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அது தகுதியான விண்ணப்பம். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

அறிவிப்பு வெளியாகும்வரை வீட்டில் மூச்சுவிட முடியாது. வெளியான அன்று மாலை, அவர் கணினியில் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போது எதிரே போய் உட்கார்ந்தாள்.

"பாத்தேன்," என்றார் அவரே. "நல்லாப் பண்ணியிருக்கா அந்தப் பொண்ணு. மண்ணுலேருந்தே கேக்கறா. நான் மண்ணைப் பத்திப் பேசினதோட சரி, கடைசிவரைக்கும் குழாயையே கட்டிக்கிட்டு அழுதேன்."

"நீங்க விண்ணப்பம் போட்டிருக்கலாம். வழி இருந்திருக்கு. எனக்கு இப்பத்தான் தெரியும்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ சேந்த வருஷமே உங்க ஆபீசுக்குப் போன் பண்ணினேன். பேரு சொல்லல. இந்த மாதிரி, மனைவி அங்க வேலை பாக்கறாங்கன்னு கேட்டேன். வேற பிரிவுக்கு மாத்துவோம்னு சொன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ சரின்னுதான் சொல்லியிருப்ப. அப்புறம் ஆபீஸ்ல ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்து, என்ன நினைக்கறாங்களோன்னு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருப்ப."

அவரே மேலும் சொன்னார், கொஞ்சம் கூச்சத்தோடு.

"எல்லாம் உனக்காகன்னு நினைச்சுக்காத. பாதி பயம். உங்க ஆபீஸ்ல என்னோடதை வேண்டாம்னு தள்ளிட்டா, அதோட எப்படி வீட்டுக்கு வர்றதுன்னு. நீ வேண்டாம்னு சொன்னது எனக்கும் சௌகரியமாத்தான் இருந்துச்சு."

திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவர் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார், இரண்டு கோப்பை.

சில வாரங்களில் அந்த இளம்பெண் அவருடைய பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்துவிட்டு, ஆலோசகராக வர முடியுமா என்று அவருக்கு எழுதினாள். அவர் அதை வீட்டில் சொன்னதும், இந்தத் தடவை மனைவி தயங்கவில்லை. மறுநாள் காலையிலேயே மேலதிகாரியிடம் போய் நின்றாள்.

"இந்த ஒரு திட்டத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க சார். என் வீட்டுக்காரரை அதுல ஆலோசகரா கூப்பிட்டிருக்காங்க."

"உங்க பிரிவிலேயே முத்தான திட்டம் அதுதானேம்மா. நீங்களே பரிந்துரை பண்ணினது."

"பரவாயில்ல சார்."

ஃபைல் பக்கத்துப் பிரிவு இயக்குநரிடம் போயிற்று. அன்று சாயங்காலம் கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தாள். "போகலாம் நீங்க. எல்லாம் சரி பண்ணிட்டேன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நேத்தே அந்தப் பொண்ணுக்குப் பதில் எழுதிட்டேனே."

"என்னன்னு?"

"வரலன்னு. என்கிட்ட இருந்த ஒலிப்பதிவை எல்லாம் அனுப்பி வெச்சுட்டேன், பாதிக்கு உபயோகப்படும். நான் நேர்ல போனா என்னாகும்? அந்தக் காலத்துல நாங்க இப்படிப் பண்ணினோம், அப்படிப் பண்ணினோம்னு அவ காதைத் தின்னுக்கிட்டு இருப்பேன். அவ மரியாதைக்குக் கேட்டுக்கிட்டு நிப்பா. வேண்டாம்மா. எனக்கு இப்ப கிளாஸ் எடுக்கறதே பழகிடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவள் காதிலேயே விழுந்தது.

போன ஃபைல் போனதுதான். அதைத் திருப்பிக் கேட்க நியாயமும் இல்லை. அந்தத் திட்டம் எப்படி நடக்கிறது என்பதை ஊரிலுள்ள எல்லோரையும்போல அவளும் செய்தியில் பார்த்தே தெரிந்துகொண்டாள். ஒரு விடுமுறை நாள் காலையில் அலுவலக வலைத்தளத்தில் படம் வந்திருந்தது. நடைபாதையில் கருவியை வைத்துக்கொண்டு அந்த இளம்பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நிஜத் தெருவில், நிஜக் குழாயில், கசிவைச் சரியான இடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று போட்டிருந்தது. அவள் அதை உரக்கப் படித்தாள்.

அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். பேனா நின்றது.

"காஞ்ச மண்ணுலயா, ஈர மண்ணுலயா?"

அவள் மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்தாள். அதில் அப்படி ஒன்றும் போடவில்லை.

"தெரியலைங்க. ஃபைல் என்கிட்ட இல்லையே."

"ஆமாம்ல," என்றார் அவர். அடுத்த விடைத்தாளை எடுத்தார்.